நீந்தியதற்குச் சாட்சி

கரமனை,
9 பிப்ரவரி 1984

அன்புள்ள ராஜமணிக்கு,

மங்கலம் எழுதுவது. இங்கே என் வலது தோள் ஒன்றைத் தவிர மற்ற எல்லாரும் சௌக்கியம். பிலாயில் உன் சௌக்கியத்தையும், உன் வீட்டுக்காரர் கோலப்பன் அண்ணாச்சியின் மூச்சிரைப்பு இப்போது எப்படியிருக்கிறது என்பதையும் எழுது. போன தடவை வந்த கார்டில் நீ தேதி போடவில்லை. தேதியில்லாத கடிதத்தில் ‘இப்போது குளிர் அதிகம்’ என்று இருந்தால் எந்த ‘இப்போது’ என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

நீ மகன் வீட்டோடு போன மறு வருஷம், தோளில் சின்ன அடி என்று உனக்கு எழுதியிருந்தேன். அது சின்ன அடி இல்லை. என்மேல் கார் மோதியது. அதை அப்போது எழுதவில்லை. தூரத்தில் இருப்பவர்களுக்கு விபத்தைப் பற்றி எழுதினால் அவர்கள் மனதில் அது நடந்துகொண்டே இருக்கும். நடந்து முடிந்த பிறகு எழுதுவதே மரியாதை என்று நினைத்தேன். ஆனால் இன்னும் முடியவில்லை. வஞ்சியூர் கோர்ட்டில் வந்து நிற்கிறது.

ஆற்றில் குளித்துவிட்டுத் திரும்பி, மெயின் ரோட்டைக் கடந்து நம் தெருவுக்குள் நுழையவேண்டும். முழுக்க விடியவில்லை. பாலத்துப் பக்கமிருந்து வந்த டாக்சி, நேராகப் போகவேண்டியது, ஏனோ என்னைப் பார்த்து வந்தது. நான் ஓரமாகத்தான் நின்றேன். இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் நடுரோட்டில் நின்றேன் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். யாரும் அழைக்காமல் நான் எதற்கும் நடுவில் போய் நின்றதில்லை என்பது உனக்குத் தெரியும்.

அடி விழுந்த கணத்தில் வலி தெரியவில்லை. தோளில் போட்டிருந்த ஈர முண்டு கையை விட்டுப் பறந்து மேலே போயிற்று. கொக்கு எழும்புகிறது என்று நினைத்தேன். இத்தனை விடியற்காலையில் கொக்கு எங்கே போகிறது என்று யோசித்துக்கொண்டே கீழே கிடந்தேன். டிரைவர் ஓடிவந்தான். பெயர் வேலாயுதன், நாற்பது வயதுகூட இருக்காது. “அம்மே, ஞான் உறங்ஙிப் போயி” என்று அழுதான். தூங்கிவிட்டேன் என்று தானே சொல்லும் டிரைவரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அவனே அதே வண்டியில் என்னைத் தூக்கிப் போட்டு மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோனான். ஒவ்வோர் ஓணத்துக்கும் ஒரு குலை நேந்திரம்பழத்தோடு வந்து வாசலில் நிற்கிறான். உள்ளே வா என்றால் வரமாட்டான்.

அவன்மேல் வழக்குப் போடுவதா என்று நான் மறுத்துவிட்டேன். அப்புறம் வக்கீல் சத்தியதாஸ் வந்து விளக்கினார். நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் எழுதும் ஆங்கிலத்தில் ஆர்ட்டிக்கிள் எதுவும் இருப்பதில்லை. “அம்மா, அந்தப் பாவத்துக்க மடியிலேயிருந்து ஒரு சக்கரம் காசு போவாது. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. கம்பெனிதான் தரணும். அதுக்குத்தானே வருஷாவருஷம் பிரீமியம் வாங்குகான்?” என்றார். அடிபட்டவர்களுக்கு நஷ்ட ஈடு தருவதற்கென்றே தனிக் கோர்ட்டு இருக்கிறதாம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒன்று, பட்ட வேதனைக்கு ஒன்று, போன சம்பாத்தியத்துக்கு ஒன்று என்று தலைப்பு வாரியாகக் கேட்கவேண்டுமாம். சரி, ஆறு மாதத்துக்குள் மனு போட்டார். அதிலிருந்த ஆங்கிலத்தை நான் திருத்திக் கொடுத்தேன்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி பதில் மனு கொடுத்திருக்கிறது. அதில் இப்படி இருக்கிறது: ‘மனுதாரர் வயது முதிர்ந்த விதவை. வருமானம் இல்லை. பிரார்த்தனையும் ஓய்வுமே அவருடைய வாழ்க்கை. இந்த விபத்தினால் அவருடைய வாழ்க்கையின் இன்பம் எதுவும் குறைந்துவிடவில்லை. குறைவதற்கு எதுவும் இருந்ததாகவும் தெரியவில்லை.’

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பல முறை படித்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பணம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அது பணக்காரர்கள் சொல்வது. ஆனால் மங்கலத்துக்கு இழப்பதற்கு எதுவுமே இருக்கவில்லை என்று ஒரு கோர்ட்டுத் தீர்ப்பில் எழுதிவைத்து, அது அலமாரியில் என்றைக்கும் இருப்பதற்கு என்னால் சம்மதிக்க முடியாது.

சத்தியதாஸ் என்னைக் கேட்டார்: “அம்மைக்குச் சமைக்க முடியுமா?” முடியும் என்றேன். “எழுத?” உங்கள் மனுவைத் திருத்தியது யார் என்றேன். “பின்னே எதுதாம்மா முடியல்ல? சும்மா சொல்லுங்க. ஒருத்தன் பந்து விளையாடுவான், காலு போச்சு, பின்னே விளையாட ஒக்காது. அந்தச் சந்தோஷம் போனதுக்கும் ஒரு தலைப்பு உண்டு, கேட்டியளா. அம்மைக்கு அப்படி எதாவது உண்டுமா?”

வீட்டில் இல்லாத வேறு யாரையோ பார்த்து அவர் கேட்பதுபோல இருந்தது. என் கணவர் போனபோதுகூட எனக்கு என்ன போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. இனி எங்கே இருப்பாய், யார் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் கேட்டார்கள். நான், நீச்சல் என்றேன்.

ராஜமணி, என் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. இடது கையால் தலைவாரப் பழகிவிட்டேன். அடுப்படியில் மேல்தட்டில் இருப்பதையெல்லாம் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டேன். ஆனால் ஆற்றில் இறங்கினால் ஒரு பக்கமாகச் சுழல்கிறேன். இரண்டு தடவை முயன்று பார்த்தேன். மூன்றாம் தடவை பயந்துவிட்டேன்.

நாம் இறங்கும் நேரத்தில் ஆற்றின் மேல் மூட்டம் படிந்திருக்குமே, நினைவிருக்கிறதா? குளிக்கும் கடவுக்கு வேறு யாரும் வந்திருக்கமாட்டார்கள். நீ எனக்கு முன்னால் போவாய். முதலில் உன் தலை தெரியும். பிறகு அதுவும் மூட்டத்துக்குள் போய்விடும், தண்ணீர் என் கழுத்தில் வந்து மெல்ல இடிப்பதை வைத்து நீ இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்வேன். “கான்வென்டு வாத்து! தலைமுடி நனையாம ஒரு நீச்சலு!” என்று எங்கிருந்தோ உன் குரல் மட்டும் வரும். நடு ஆற்றில் மல்லாந்து கிடப்போம். காதுகள் தண்ணீருக்குள் போனதும் உலகம் அடைத்துக்கொள்ளும். பாலத்தில் லாரி போவது வேறு தேசத்தில் இடி இடிப்பதுபோலக் கேட்கும். மேலே வானம் கறுப்பிலிருந்து சாம்பலாகி, சாம்பலிலிருந்து பெயரில்லாத ஒரு நிறமாகும். அந்த நிறம் இருக்கும்வரை நாம் யாருக்கும் எதுவும் இல்லை. மனைவி இல்லை, மருமகள் இல்லை, அம்மா இல்லை. பிறகு அக்கரைத் தென்னந்தோப்பில் காகம் கத்தும், நாம் திரும்புவோம்.

இப்போதெல்லாம் கனவில் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. பயமில்லாத தண்ணீர். வாசற்படியைத் தாண்டி, முன்னறை நாற்காலிகளைத் தூக்கி மெல்லத் திருப்பி வைத்துவிட்டு, சுவரிலிருக்கும் அவருடைய படத்தின் கீழ்விளிம்புவரை வந்து நிற்கிறது. நான் அடுக்களையிலிருந்து கூடத்துக்கு நீந்திப் போகிறேன். கை எழும்புகிறது. ஒவ்வொரு வீச்சுக்கும் அது எழும்புவதைப் பார்த்து நான் ஆச்சரியப்படுவதே இல்லை. விழித்த பிறகுதான் ஆச்சரியப்படுகிறேன்.

நீந்தினேன் என்றதும் என் மகன் அழகியநம்பி தலையில் கைவைத்துக்கொண்டான். “கோர்ட்டுல ஏறி ஆத்துல நீந்தினேன்னு சொல்லப்போறியா? ஏஜீஸ் ஆபீஸ்ல நான் எப்படிம்மா தலை காட்டுகது? கம்பெனி பேசி முடிச்சு ஒத்துதீர்ப்புக்கு வாறான், தாறத வாங்கிட்டு விடேன்” என்றான். மருமகள் பாகீரதி மட்டும் அவன் போன பிறகு மெல்ல வந்து, “அத்தை, நெசமாவே அக்கரை வரைக்குமா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “ஒரு வார்த்தை சொல்லலியே” என்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, வேறு ஏதோ இருந்தது.

சாட்சி வேண்டும் என்கிறார் சத்தியதாஸ். குளித்ததைப் பார்த்தவர்கள் தெருவில் நிறைய உண்டு. நீந்தியதைப் பார்த்தது நீ ஒருத்திதான். மார்ச் நடுவில் விசாரணை. நீ வந்து கூண்டில் ஏறி, மங்கலமக்கா நீந்துவாள், நானும் கூட நீந்தினேன் என்று சொல்லவேண்டும். ரயில் செலவு என்னுடையது. வர முடியாவிட்டால் அங்கே ஒரு வக்கீலிடம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாலும் பயன்படுமாம்.

உன் மாமியார் உன்னிடம் வாங்கிய சத்தியத்தை நான் மறக்கவில்லை. அண்ணாச்சியின் தம்பியை வெள்ளம் கொண்டுபோன வருஷம், இந்த வீட்டு மருமகள் இனிப் படியை விட்டு ஆழத்தில் இறங்கமாட்டாள் என்று அண்ணாச்சியின் தலையில் உன் கையை வைத்து வாங்கியது. அந்த அம்மாளும் போய் எத்தனையோ வருஷமாயிற்று. அண்ணாச்சி இப்போது கேட்டால் சிரிப்பார் என்றே நினைக்கிறேன். நல்ல நேரம் பார்த்து நீயே சொல்.

உன் பதிலை எதிர்பார்த்து, குடும்பத்தோடு நீடூழி வாழ வேண்டி,

மங்கலம்


கரமனை,
2 மார்ச் 1984

மதிப்புக்குரிய கோலப்பன் அண்ணாச்சிக்கும் அன்புள்ள ராஜமணிக்கும்,

மங்கலம் வணக்கத்தோடு எழுதுவது. உங்கள் மருமகள் கைப்பட எழுதிய கார்டு கிடைத்தது. எழுத்து அழகாக இருக்கிறது. என் கடிதம் வந்ததும் வழக்கம்போல எல்லோரும் கூடியிருக்கப் படிக்கச் சொன்னீர்கள் என்றும், படித்து முடித்ததிலிருந்து அண்ணாச்சி சரியாகச் சாப்பிடவில்லை என்றும், தன் மூச்சிரைப்புக்குக் காரணம் இப்போதுதான் தெரிந்தது என்று சொன்னதாகவும் அவள் எழுதியிருக்கிறாள். ‘அத்தைக்கு நீந்தவே தெரியாது. நீங்கள் வேறு யாரையோ நினைத்துக்கொண்டு எழுதிவிட்டீர்கள்’ என்றும் எழுதியிருக்கிறாள். கீழே ராஜமணியின் கையெழுத்து இருக்கிறது.

அவள் எழுதியது சரி. நான்தான் பிசகிவிட்டேன். இந்தக் கடிதத்தையும் தயவு செய்து அதேபோல எல்லோரும் கேட்க வாசிக்கவும்.

என்னோடு நீந்தியவள் கான்வென்ட்டில் என்னோடு படித்த ஒருத்தி. அவள் இப்போது உயிரோடு இல்லை. தோள்வலிக்கு டாக்டர் தரும் மாத்திரை பெரிய மயக்கம் கொடுக்கிறது. பழைய காலமும் புதிய காலமும் கலந்துவிடுகின்றன. அந்த மயக்கத்தில் அவளுடைய முகத்துக்கு ராஜமணியின் பெயரை வைத்து எழுதிவிட்டேன். ராஜமணி கடவுக்கு வருவாள், படியில் நின்று நாலு செம்பு மொண்டு ஊற்றிக்கொள்வாள், எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடுவாள். கரமனையில் அவளைப்போல வாக்குத் தவறாத பெண்ணை நான் பார்த்ததில்லை.

அண்ணாச்சி, மூச்சிரைப்பு அந்த ஊர்க் குளிரால் வருவது, வயதாலும் வருவது. எனக்கும் மழைக்காலத்தில் கொஞ்சம் உண்டு. அதற்கும் ஆற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. வெந்நீரே குடியுங்கள். நன்றாகச் சாப்பிடுங்கள். ராஜமணி பரிமாறினால் முகத்தைத் திருப்பாமல் சாப்பிடுங்கள்.

கோர்ட்டு விஷயம் ஒன்றும் பெரிதில்லை. அதற்காக யாரும் இங்கே வரவேண்டியதில்லை.

பணிவுடன்,
மங்கலம்


கரமனை,
21 ஏப்ரல் 1984

என் ராஜமணி,

இதை உன் கையில் தருபவள் சத்தியதாஸின் தங்கை. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். லீவு முடிந்து திரும்புகிறாள். அண்ணாச்சியை மூச்சுக்குக் காட்டப் போகும்போது நீதான் கூடப் போவாய் என்று தெரியும். உன்னைத் தனியாகக் கண்டால் மட்டும் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த லீவில் எனக்கே திருப்பித் தந்துவிடவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். இது உன் கைக்கு வந்திருந்தால் நீ தனியாக இருக்கிறாய் என்று அர்த்தம். நிதானமாகப் படி.

போன கடிதம் அண்ணாச்சியின் காதுக்காக எழுதியது. உனக்கு அது புரிந்திருக்கும். முதல் கடிதத்தை அவர் முன்னால் வாசிப்பார்கள் என்பது என் புத்தியில் ஏறாமல் போயிற்று. ஒரு வீட்டில் கடிதம் வந்தால் அது வீட்டுக்கே வந்தது என்பது எனக்குத் தெரியாததா? ஏதோ நாம் இரண்டு பேரும் தண்ணீருக்குள் பேசிக்கொள்வதுபோல நினைத்து எழுதிவிட்டேன். உன் கையெழுத்து அந்தக் கார்டின் அடியில் எப்படி நடுங்கியிருந்தது என்று பார்த்தேன். அதைப் பற்றி இனி ஒன்றும் எழுதமாட்டேன்.

விசாரணை நடந்தது. வஞ்சியூரில் அந்த ஹாலை நீ பார்த்திருக்கமாட்டாய். உயரமான கூரை, அதிலிருந்து நீளக் கம்பியில் தொங்கும் மின்விசிறிகள். வெயில் ஜன்னலின் பச்சைக் கண்ணாடி வழியாக வந்து தரையெல்லாம் பச்சையாகக் கிடந்தது. வராந்தாவில் டைப் அடிக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்து அடிக்க, ஆற்றின் மேல் மழை விழும் சத்தம்போலவே இருந்தது. கால் முறிந்தவர்களும், கண்ணில் கட்டுப் போட்டவர்களும், அப்பாவை இழந்த குழந்தைகளும் பெஞ்சுகளில் பேசாமல் காத்திருந்தார்கள். எல்லோரும் ஏதோ ஒரு வாகனம் வரும் என்று காத்திருப்பவர்கள் மாதிரி இருந்தார்கள். ஒரு வாகனம் வந்ததால்தான் அங்கே இருக்கிறார்கள்.

வேலாயுதனும் வந்திருந்தான். முதலில் அவனைத்தான் கேட்டார்கள். அம்மா நடுரோட்டில் நின்றார்களா என்று கம்பெனி வக்கீல் திருப்பித் திருப்பிக் கேட்டார். “இல்ல சாரே. ஓரத்துல ஆயிருந்நு. ஞான் உறங்ஙிப் போயி” என்றே சொன்னான். ‘வேலை போய்விடும் தெரியுமா?’ என்கிற மாதிரி அந்த வக்கீல் பார்த்தார். அவன் என்னைப் பார்த்தான். அவனை இனி வாசலில் நிற்கவிடமாட்டேன், இந்த ஓணத்துக்கு இலைபோட்டுத்தான் அனுப்புவேன்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். ஏறுவதற்கு உதவிக்கு வந்த பியூனை வேண்டாமென்றேன். சத்தியமாகச் சொல்கிறேன் என்று சொல்லவைத்தார்கள். தோளைப் பற்றிச் சொன்னேன். நீச்சலைப் பற்றிச் சொன்னேன். எங்கே இறங்குவேன், எப்படித் திரும்புவேன் எல்லாம். நான் பேசப் பேச அந்தப் பச்சை வெளிச்சம் மேலே ஏறிக்கொண்டே வருவதுபோல இருந்தது. மேசைக் கால்கள் மூழ்கின. தலைமைக் குமாஸ்தா சிரஸ்தாரின் காகிதக் கட்டுகள் மிதந்தன. நான் பயப்படவில்லை. என் குரல் தண்ணீருக்கு மேலே தெளிவாகப் போய்க்கொண்டிருந்தது.

கம்பெனி வக்கீல் எழுந்தார். இளைஞர், மரியாதையானவர்தான். “அம்மா இந்த வயதில் நீந்தினீர்கள் என்று நம்பச் சொல்கிறீர்கள். சரி. யாராவது, என்றைக்காவது, உங்களோடு கூட நீந்தியது உண்டா? பார்த்தது உண்டா? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்” என்றார்.

சத்தியதாஸ் என்னையே பார்த்தார். அவருக்கு உன் பெயர் தெரியும். ஆள் வராவிட்டாலும் பெயரைச் சொல்லுங்கள், கமிஷன் வைத்து அங்கேயே சாட்சியம் எடுக்கலாம் என்று முந்தின நாள்கூடச் சொல்லியிருந்தார். பெயரைச் சொன்னால் சம்மன் பிலாய்க்குப் போகும். உங்கள் முன்னறையில், அண்ணாச்சி முன்னால், ஒரு வக்கீல் வந்து உட்கார்ந்து உன்னைக் கேட்பார்.

நான், “இல்லை. தனியாகத்தான் நீந்தினேன்” என்றேன்.

“என்றைக்குமே?”

“என்றைக்குமே.”

கான்வென்ட்டில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது பொய் சொல்லக்கூடாது என்பது. எழுத்துக்கும் முன்னால் அது. என் மகன் முதல் வகுப்பில் இரண்டு மார்க்கைக் கூட்டிச் சொன்னதற்கு அவனைச் சாப்பிடவிடாமல் நிறுத்தியவள் நான். சத்தியம் செய்துவிட்டு, கோர்ட்டில், இத்தனை பேர் முன்னால் பொய் சொன்னேன். நடு ஆற்றில் கையையும் காலையும் விட்டுவிட்டு மல்லாந்ததுமே தண்ணீர் தாங்கிக்கொள்ளுமே, அதுபோல ஏதோ ஒன்று தாங்கிக்கொண்டது.

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஜட்ஜ் எழுதிக்கொண்டார். நான் இறங்கும்போது அவர் பேனாவை மூடிவிட்டு, “வெளுப்பினு வெள்ளத்தினு தணுப்புண்டாவுமோ?” என்று கேட்டார். விடியற்காலையில் தண்ணீர் குளிருமா என்று. முதலில் கால் வைக்கும்போது மட்டும், அப்புறம் வெளியே இருப்பதுதான் குளிர் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அதை எழுதிக்கொள்ளவில்லை.

சத்தியதாஸ் வெளியே வந்து, “அம்மை தோத்துப் போயாச்சு. ஒரு பேரைச் சொல்லியிருந்தா ஜெயிச்சிருக்கலாம், தெரியுமா?” என்று சொல்லிவிட்டு, “அந்த அம்மை கொடுத்துவெச்சவங்க” என்றார். எனக்கு அவர் ஆங்கிலத்தின் மேலிருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழகியநம்பி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தம்பானூர் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “எனக்கு ஏம்மா நீந்தச் சொல்லித் தரல்ல?” என்றான். உனக்கு டியூஷன் இருந்தது என்றேன். அவன் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டான். கண்டக்டர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். ஆபீஸில் அவனை யாரும் கேலி செய்யவில்லையாம். ஒரு சூப்பிரண்டெண்டு மட்டும் ‘உங்கள் தாயார் எந்தக் கடவில் இறங்குவார்கள்?’ என்று ரகசியமாகக் கேட்டாராம். பாகீரதி சாயங்காலங்களில் கடவுக்குப் போகிறாள். படியில் உட்கார்ந்து காலை நனைத்துவிட்டு வருகிறாள். இன்னும் ஆழத்துக்குப் போகவில்லை. நான் ஒன்றும் கேட்பதில்லை, ஒன்றும் சொல்லிக்கொடுப்பதும் இல்லை.

தீர்ப்பு போன வாரம் வந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கும், வேதனைக்கும், தோளின் குறைபாட்டுக்கும் தொகை உண்டு. கம்பெனி தரவேண்டும். தவறு டிரைவருடையது, மனுதாரர் ஓரமாகவே நின்றார் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அது எனக்குத் திருப்தி. நீச்சலைப் பற்றி, ‘மனுதாரரின் சொல்லைத் தவிர வேறு சாட்சியம் இல்லை. ஆகவே அந்தத் தலைப்பில் நஷ்ட ஈடு வழங்க முடியவில்லை’ என்று இருக்கிறது. இழப்பதற்கு எதுவும் இருக்கவில்லை என்ற வாக்கியத்தை ஜட்ஜ் எடுத்து எழுதவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன். சாட்சியம் இல்லை என்பதும் இன்பம் இல்லை என்பதும் வேறு வேறு. இந்த வித்தியாசத்தோடு நான் வாழ முடியும்.

ஆனால் உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும், அதற்காகத்தான் இத்தனை தூரம் இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன்.

நான் தனியாகவே நீந்தினேன் என்று இப்போது கோர்ட்டில் பதிவாகிவிட்டது. உனக்கு நீந்தவே தெரியாது என்று உன் வீட்டில் பதிவாகிவிட்டது. இரண்டையும் நாமே செய்தோம். இருக்கட்டும். அண்ணாச்சி நிம்மதியாகச் சாப்பிட்டால் அதற்கு இந்த விலை அதிகமில்லை. நீ எல்லோர் முன்னும் நீந்தத் தெரியாதவளாகவே இரு. ஆனால் தனியாக இருக்கும்போது, கண்ணை மூடும்போது, உனக்கு நீயே அப்படிச் சொல்லிக்கொள்ளாதே. சொல்லிச் சொல்லி அது உனக்கு உண்மையாகிவிடக்கூடாது. அப்படி ஆகிவிட்டால் அந்த ஆற்றில் நான் நிஜமாகவே தனியாக இருந்தவளாகிவிடுவேன்.

அண்ணாச்சிக்கு உடம்பு தேறட்டும். நூறு வயது உன்னோடு இருக்கட்டும். இதை நான் கடமைக்கு எழுதவில்லை. கோர்ட்டிலிருந்து வந்த அன்று வலியசாலைக் கோவிலுக்குப் போய் அவர் பெயரில் அர்ச்சனை செய்தேன். ஏதாவது பாவம் இருந்தால் அது என் கணக்கில் ஏறட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உடம்பு தேறியதும் அவரையும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை ஊருக்கு வா. ஆற்றுக்குப் போகலாம் என்று நான் கூப்பிடமாட்டேன். அந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன். எல்லோரும் இருக்கும்போது என் எதிரில் வந்து உட்கார். பேரன்களைப் பற்றிப் பேசு, பிலாய்க் குளிரைப் பற்றிப் பேசு. நடுவில் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்துச் சிரி. கோர்ட்டு எனக்குத் தராமல் விட்டது அதில் வந்து சேர்ந்துவிடும்.

வா, ராஜமணி.

என்றும் உன்,
மங்கலம்